விசாரிக்காத வாசல்

“விஷவாயு தாக்கி மூவர் பலி.” தமிழ் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பு பழகிப்போன ஒன்று. எண் மாறும், ஊர் மாறும். ஓரிடத்தில் செப்டிக் டேங்க், இன்னோரிடத்தில் பாதாளச் சாக்கடை, வேறோரிடத்தில் பாழுங்கிணறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் என்றால் டேனரியின் கழிவுநீர்த் தொட்டி. ‘தாக்கி’ என்ற சொல் மட்டும் மாறுவதே இல்லை.

எனக்கு அந்தச் சொல்லின் மேல்தான் சந்தேகம். மின்னல் தாக்கும், யானை தாக்கும். வாயு குழிக்குள் சும்மா கிடக்கிறது. இறங்கியவர் ஒரு மூச்சு இழுக்கிறார். அவருடைய நுரையீரல் அதை உள்ளே விட்டு, ரத்தத்தில் ஏற்றி, சில நொடிகளில் மூளைக்கு அனுப்பிவைக்கிறது. ஆக்ஸிஜனுக்கு என்ன வரவேற்போ அதே வரவேற்பு. தாக்குதல் என்று அங்கே எதுவும் நடக்கவில்லை. உறுப்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

நல்லது எது கெட்டது எது என்று நுரையீரலுக்குத் தெரியாதா? கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தோணலாம். ஆனால் நுரையீரல் வாயுக்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறதா, இல்லை வருவதையெல்லாம் விடுகிறதா என்று ஐரோப்பாவின் பெரிய உடலியல் அறிஞர்கள் முப்பது வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையின் தீர்ப்புக்கும், பாலாற்றங்கரையில் ஒருவர் குழியில் இறங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

*

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். ஆம்பூர்க் கணக்கிலேயே பார்க்கலாம். தோல் வியாபாரத்தில் பதனிட்ட தோலுக்குச் சதுர அடியில்தான் விலை. நுரையீரலையும் அப்படி அளந்தால் எவ்வளவு வரும்?

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகிறது. இப்படிச் சுமார் 23 முறை. கடைசிக் கிளைகளின் சுவரில் காற்று நுண்ணறைகள் திராட்சைக் கொத்துப்போல் இருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் எவால்ட் வைபல் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் இவற்றை எண்ணி, கிட்டத்தட்ட 30 கோடி என்றார். 2004இல் வேறொரு முறையில் எண்ணியபோது சராசரி 48 கோடி வந்தது. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 130 சதுர மீட்டர், அதாவது 1,400 சதுர அடி. ஒரு ஆட்டுத்தோல் ஐந்து சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 280 தோல். இவ்வளவும் நெஞ்சுக்கூட்டுக்குள் மடிந்து கிடக்கிறது.

அடுத்தது தடிமன். ஷூவின் மேற்பகுதிக்கு எடுக்கும் தோல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நுண்ணறையில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் சராசரியாக 0.6 மைக்ரான். ஷூ தோலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சுவரின் மறுபக்கம் தந்துகிகள். ஒரு நேரத்தில் அவற்றில் ஓடும் ரத்தம் சுமார் 70 மில்லி, சின்ன டீ கிளாஸ் அளவு. ஒரு கிளாஸ் டீயை 1,400 சதுர அடித் தரையில் கொட்டிப் பரப்பினால் எவ்வளவு மெல்லிசாக இருக்கும்? அப்படித்தான் ரத்தம் அங்கே காற்றுக்கு முன்னால் விரிக்கப்படுகிறது.

வாயுப் பரிமாற்றத்துக்கு நுரையீரல் செய்துகொண்ட தகவமைப்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்: பெரிய பரப்பு, மெல்லிய சுவர், ஈரமான மேற்பரப்பு, இடைவிடாத ரத்த ஓட்டம். நம் உடம்பு வெளியுலகத்தோடு உரசும் பெரிய எல்லைகளில் இரண்டு, தோலும் நுரையீரலும். தோல் எதையும் உள்ளே விடாமல் இருப்பதற்காகத் தடித்தது. நுரையீரல் எதையும் தடுக்காமல் இருப்பதற்காக மெலிந்தது. முதல் எல்லையை இன்னும் கெட்டியாக்கி, அழுகாமல் ஆக்கி விற்பதுதான் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் தொழில். அந்தத் தொழிலின் குழிச் சாவுகள் இரண்டாவது எல்லை வழியாக நடக்கின்றன.

*

1661இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்நோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டுபிடித்தார். ரத்தமும் காற்றும் நேரே கலப்பதில்லை, நடுவே ஒரு சவ்வு இருக்கிறது என்பது தெளிவானது. அடுத்த நூற்றாண்டில் லவாய்சியே, சுவாசம் என்பது மெதுவாக எரிதல், அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று காட்டினார். மீதி இருந்தது ஒரே கேள்வி: ஆக்ஸிஜன் அந்தச் சவ்வை எப்படித் தாண்டுகிறது?

இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று விரவல். அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு வாயு தானே நகரும், சவ்வுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. மற்றது சுரத்தல். உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரப்பதுபோல நுரையீரல் ஆக்ஸிஜனைத் தேர்ந்தெடுத்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1891இல் இரண்டாவது கட்சியில் சேர்ந்தார். இது ஒன்றும் முட்டாள்தனமான எண்ணம் அல்ல. ஆழ்கடல் மீன்களின் காற்றுப்பைக்குள் ஆக்ஸிஜன் உண்மையாகவே அப்படித்தான் சேர்க்கப்படுகிறது. மீனால் முடிந்தது மனிதனால் முடியாதா?

இங்கிலாந்தில் அதே கட்சியில் இருந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கங்களிலும் சாக்கடைகளிலும் காற்றை அளந்தவர். தொழிலாளிகளைக் கொல்லும் வாயு எது என்று அறிய, கார்பன் மோனாக்சைடைத் தானே சுவாசித்துக் குறிப்பெடுத்தவர். சுரங்கத்துக்குள் சின்னப் பறவைகளையோ எலிகளையோ கூடவே கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். விஷக்காற்றை அவரளவு நேரில் அறிந்தவர் அன்று இல்லை. அவரே நுரையீரலுக்குத் தேர்ந்தெடுக்கும் புத்தி உண்டு என்று நம்பினார்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் போரின் மாணவரான ஆகஸ்ட் க்ரோவும் அவர் மனைவி மேரி க்ரோவும். மேரி ஒரு மருத்துவர். ரத்தத்தோடு ஒரு துளிக் காற்றுக்குமிழியைப் பழகவிட்டு, அந்தக் குமிழியை அளந்து, ரத்தத்தில் வாயு அழுத்தம் எவ்வளவு என்று சொல்லும் நுட்பமான கருவியை ஆகஸ்ட் உருவாக்கியிருந்தார். 1910இல் வரிசையாக ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. எத்தனை முறை அளந்தாலும் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தம் நுண்ணறைக் காற்றைவிடக் கூடவில்லை. சுரத்தல் நடந்தால் கூடியிருக்க வேண்டும். சொந்த குருவை அச்சில் மறுக்க வேண்டி வந்தது. மறுத்தார்கள்.

ஹால்டேன் ஒப்புக்கொள்ளவில்லை. 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு குழுவோடு போனார். உயரத்தில் காற்று மெலிந்திருக்கும்போது நுரையீரல் சுரக்கத் தொடங்கும் என்று நிரூபிக்க முயன்றார். நிரூபித்துவிட்டதாகவும் நம்பினார். 1920இல் கேம்பிரிட்ஜின் ஜோசஃப் பார்க்ராஃப்ட் தன்னைத்தானே கண்ணாடி அறையில் அடைத்துக்கொண்டார். ஆறு நாள். ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அவர் கையின் தமனியைத் திறந்து ரத்தம் எடுத்து அளந்தார்கள். ஆக்ஸிஜன் அழுத்தம் நுண்ணறைக் காற்றைவிடக் குறைவாகவே இருந்தது. மூச்சுக்குத் தவிக்கும்போதுகூட நுரையீரல் எதையும் சுரக்கவில்லை. ஹால்டேன் மட்டும் கடைசிவரை தன் கட்சியிலேயே இருந்து 1936இல் இறந்தார்.

தீர்ப்பு இதுதான். நுண்ணறைக் காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம், உடலைச் சுற்றிக் களைத்து வரும் ரத்தத்தில் 40. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போவதுபோல அது ரத்தத்துக்குள் போகிறது. கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் 45, நுண்ணறையில் 40, எனவே எதிர்த்திசையில் வருகிறது. ஒரு சிவப்பணு தந்துகியைக் கடக்க முக்கால் நொடி எடுக்கும். அதில் முதல் கால் நொடியிலேயே பரிமாற்றம் முடிந்துவிடும். தேர்வு என்று எதுவும் கிடையாது. என் தொழில் பாஷையில் சொன்னால், உள்ளே வரும் தரவைச் சரிபார்க்கவே சரிபார்க்காத நிரல் அது. அதனால்தான் இவ்வளவு வேகம்.

மேரி க்ரோ இந்தத் தீர்ப்பையே ஒரு பரிசோதனையாக மாற்றினார். மிகக் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வைத்து, அது எவ்வளவு வேகமாக ரத்தத்துக்குள் போகிறது என்று அளந்து, நுரையீரலின் விரவல் திறனைக் கணக்கிடும் முறை. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் நோயாளிகளுக்குச் செய்யும் ஒரு சோதனைக்கு வேர் அது. நல்லதை எவ்வளவு நன்றாக உள்ளே விடும் என்று அறிய, ஒரு விஷத்தை அனுப்பிப் பார்க்கிறார்கள். நுரையீரலுக்கு இரண்டும் ஒன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

*

‘காவலே இல்லையா’ என்றால், இருக்கிறது. தூசிக்கு இருக்கிறது. மூக்கு முடி, சளி, சளியை மேலே தள்ளும் மயிரிழைகள், நுண்ணறைக்குள் ரோந்து போகும் விழுங்கணுக்கள். எல்லாம் துகளைப் பிடிக்கும். வாயுவைப் பிடிக்காது.

சில வாயுக்கள் தாங்களே சத்தம் போட்டு வரும். சுண்ணாம்பு ஏறிய தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்க டேனரிகளில் அம்மோனியம் உப்புகளைப் போடுவார்கள், அப்போது அம்மோனியா கிளம்பும். அது தண்ணீரில் சட்டென்று கரையும். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்திலேயே கரைந்து எரிச்சல் கிளப்பும். கண்ணீரும் இருமலுமாக ஆள் வெளியே ஓடிவந்துவிடுவார். அந்த எரிச்சல்தான் அவரைக் காப்பாற்றுகிறது.

மூச்சு முட்டுதல் என்ற உணர்வும் ஒரு காவல்தான். ஆனால் அது காவல் காப்பது வேறொன்றை. 1905இல் இதைக் கண்டுபிடித்தவர் இதே ஹால்டேன், உடன் பிரீஸ்ட்லி. நம்மைத் திணறவைப்பது முக்கியமாக ஆக்ஸிஜன் குறைவு அல்ல, கார்பன் டை ஆக்ஸைடு சேர்வது. ஆக்ஸிஜன் இல்லாத குழியில் இறங்குபவர் மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்ஸைடு வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. மணி அடிப்பதில்லை. திணறல் பெரிதாகத் தெரியாமலே நினைவு தப்பும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இந்தக் காவல்களையெல்லாம் தாண்டி வருவது. அழுகிய முட்டை நாற்றம். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரியும். அதனால் ‘நாத்தம் வந்தா வெளியே வந்துடலாம்’ என்ற தைரியம் வருகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை அது எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று தோன்றும். ஐநூறைத் தாண்டினால் மயக்கம். ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்வார். ரத்தத்தில் ஏறியபின், செல்லுக்குள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை அது அடைத்துவிடுகிறது. ஆக்ஸிஜன் வாசல்வரை வந்து நிற்கிறது, அடுப்புதான் எரியவில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கும், கிளறினால் எழும்.

*

இந்த வாயு டேனரிக் குழிக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய முறையில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் ஊறவைத்தார்கள். பிறகு ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். மெதுவான வேலை. சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடைச் சேர்த்தால் முடி ஒரே நாளில் கரைந்துவிடும் என்ற முறை வந்தபோது வேகம் கூடியது. 1970களில் ஒன்றிய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. குரோம் முறை பரவியது. குரோம் முறைக்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைக்க வேண்டும்.

இங்கேதான் வேதியியல் குறுக்கிடுகிறது. சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீர் கடுங்காரம், பி.எச். 12ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் சல்ஃபைடு தண்ணீருக்குள்ளேயே கட்டுப்பட்டிருக்கும். அமிலத் தண்ணீர் அதோடு ஒரே தொட்டியில் கலந்து பி.எச். 7க்கு இறங்கினால், கரைந்த சல்ஃபைடில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடாகிவிடும். இன்னும் இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும். யாரும் எதையும் கலக்காவிட்டாலும், காற்றுப்படாமல் கிடக்கும் சேற்றில் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் இதே வாயுவைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரெல்லாம் திறந்த வாய்க்காலில் பாலாற்றுக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு புகழ்பெற்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இயங்கக் கூடாது.

அவசியமான தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆற்றுக்குப் போன கழிவு காணாமல் போகவில்லை. அது தொட்டிகளிலும் கிணறுகளிலும் சேறாகச் சேர்ந்தது. அந்தச் சேற்றை யாராவது அள்ள வேண்டும், அடைப்பை யாராவது எடுக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளிகள். அது சுவர் உடைந்ததால் செய்தியானது. குழிக்குள் ஒருவர் இருவராக நடக்கும் சாவுகள் உள்ளூர்ப் பக்கத்தின் நான்கு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. இறங்குபவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். பெரும்பாலும் தலித்துகள், இப்போது கூடவே வெளிமாநிலத்து இளைஞர்கள். நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான். எந்த நுரையீரல் குழிக்குள் அனுப்பப்படுகிறது என்பதில்தான் இங்கே தேர்வு நடக்கிறது.

*

இந்தச் சாவுகள் பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. முதலில் இறங்கியவர் சாய்கிறார். மேலே நிற்பவர், “அண்ணே, என்னாச்சு?” என்று குனிந்து பார்க்கிறார். பதில் இல்லை. தூக்கிவிடலாம் என்று குதிக்கிறார். அவரைத் தேடி மூன்றாமவர். 1895 ஜூலை 1 அன்று லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் நிலையத்தில் நடந்ததும் இதேதான். ஒருவரைக் காப்பாற்ற நான்கு பேர் அடுத்தடுத்து இறங்கினார்கள், ஐவரும் இறந்தார்கள். அந்த நால்வருக்கு லண்டனின் போஸ்ட்மேன்ஸ் பார்க்கில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. அவர்களைக் கொல்வது அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கூடப் பிழைப்பவன் மேல் உள்ள பாசம் அது.

நம் ஊர்களில் பழங்கிணற்றில் இறங்கும் முன் ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அணைந்தால் இறங்கக் கூடாது. இலைக்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலக்குவதும் உண்டு. நுரையீரலை நம்பாதே, வெளியே நின்று சோதித்துவிட்டு இறங்கு என்ற ஞானம் அதில் இருந்தது. ஆனால் விளக்கு காட்டுவது ஆக்ஸிஜன் குறைவை மட்டும். ஆளைச் சாய்க்கும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் சுடர் நின்று எரியும். சேற்றுக் குழியில் மீத்தேனும் இருந்தால் விளக்கே வெடிக்கவைக்கும். பாட்டன் காலத்துக் கிணற்றுக்குப் போதுமான அறிவு டேனரித் தொட்டிக்குப் போதாது.

போதுமான அறிவு சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. 2025 வரை அமலில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி எதற்குள்ளும் யாரையும் இறக்கக் கூடாது. தகுதியுள்ள ஒருவர் காற்றைச் சோதித்து, பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் அணிய வேண்டும், பெல்ட்டில் கயிறு கட்டியிருக்க வேண்டும். சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்கும் 2013இல் தனிச் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு மூன்று மடங்கானது. காற்றை அளக்கும் கருவி சட்டைப்பையில் அடங்கும், அதன் விலை இந்த இழப்பீட்டில் ஒரு சிறு துளி.

போரும் ஹால்டேனும் நம்பியதுபோல நுரையீரலுக்குள் ஒரு காவலாளி இருந்திருந்தால் இந்தப் பிரிவே தேவைப்பட்டிருக்காது. இல்லை என்று 1910இலேயே தெரிந்துவிட்டது. உள்ளே விசாரிக்க ஆளில்லாத வாசலுக்கு, வெளியில்தான் ஆள் வேண்டும். 36ஆம் பிரிவு கயிற்றோடு முடிந்துவிடவில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனையை, குழிக்கு வெளியே நிற்கும் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும் என்றும் அது சொன்னது.